நாலாவது முகம்

பிரான்சிஸ்கா: மூக்கு ரெண்டு இருக்கு தம்பி.

மாணிக்கராஜ்: எங்கங்க?

பிரான்சிஸ்கா: இந்தா. ஒண்ணு மூக்கு இருக்க வேண்டிய எடத்துல. இன்னொண்ணு பக்கத்துல, துணைக்கு நிக்குது.

மாணிக்கராஜ்: அது... நெழலுங்க அக்கா.

பிரான்சிஸ்கா: நெழலா? கண்ணு நாலு இருக்கே, அதுவும் நெழலா?

றஷீனா: நல்லாக் கேளுங்க அக்கா. இவர்ட மெஷின்ல ஒரு ஆளக் குடுத்தா ரெண்டு ஆளாத் தரும். போன மாசம் ஒரு புள்ள பெரிசான சாமத்திய வீட்டுப் பேனர் ஒண்டு அடிச்சார். புள்ளைக்கு நாலு புருவம். தாய்க்காரி அழுது அழுது போனா.

மாணிக்கராஜ்: நீ கம்ப்யூட்டரப் பாரு றஷீனா. அந்தம்மா அழுதது பேனருக்காக இல்ல, புள்ளைக்குப் போட்ட மேக்கப்புக்காக. அதுக்கும் நானா பொறுப்பு?

பிரான்சிஸ்கா: சிரிப்பெல்லாம் அப்புறம் தம்பி. நாளைக்கு எங்க அப்பாவுக்கு முப்பத்தோராம் நாளு. காலையில பூசை, மத்தியானம் வீட்டுல சாப்பாடு. ரெண்டே கால் லுணுகலை பஸ்ஸுல இத எடுத்துட்டுப் போயி, பொழுது சாயிறதுக்குள்ள எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுங்க முனையில கட்டணும். முகம் தெளிவா இருக்கணும். வேற ஒண்ணும் கேக்கல. பூ இல்லாட்டியும் பரவாயில்ல, புறா பறக்காட்டியும் பரவாயில்ல.

றஷீனா: புறா போட்டுட்டேன் அக்கா. ரெண்டு.

பிரான்சிஸ்கா: புறா ரெண்டு இருக்கட்டும். மூக்கு ஒண்ணு போதும்.

மாணிக்கராஜ்: சரிங்க... சின்னத் துண்டுதானே அடிச்சுப் பார்த்திருக்கோம். முழுப் பேனர் போடுறதுக்குள்ள சரி பண்ணிடலாம்.

பிரான்சிஸ்கா: ஒரு மூக்கு எப்புடி ரெண்டாவுது? மொதல்ல அதச் சொல்லுங்க.

மாணிக்கராஜ்: அது பெரிய கதைங்க.

பிரான்சிஸ்கா: பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. சொல்லுங்க. நீங்க பேசி நான் கேட்டு எவ்வளவு நாளாச்சு...

றஷீனா: ஆ? இவரை முந்தியே தெரியுமா அக்கா?

பிரான்சிஸ்கா: இல்ல தங்கச்சி... இந்த மாதிரி ஆளுங்க பேசி, நான் நின்னு கேட்டு, எவ்வளவு நாளாச்சுன்னு சொல்ல வந்தேன்.

மாணிக்கராஜ்: இங்க... இங்க பாருங்க அக்கா. இந்தப் பெட்டி இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுதுல்ல? அதுக்கு அடியிலதான் ஹெட்டு. மை, கண்ணுக்குத் தெரியாத பொடிச் சொட்டாக் கீழ விழும். நின்னு விழாது, ஓடிக்கிட்டே துப்பும். பஸ்ஸுல போறப்ப நீங்க ஜன்னல் வழியா வெத்தல எச்சியத் துப்பினா அது எங்க விழும்?

பிரான்சிஸ்கா: பின் சீட்டுக்காரன் மூஞ்சியில.

மாணிக்கராஜ்: அது காத்து பண்ற வேல. காத்தே இல்லன்னு வச்சுக்குங்க. நேராக் கீழ விழாது. பஸ்ஸு போற பக்கமாக் கொஞ்சம் தள்ளி விழும். இந்தப் பெட்டியும் அப்புடித்தான். போறப்ப அந்தப் பக்கம் தள்ளி விழும். வர்றப்ப இந்தப் பக்கம் தள்ளி விழும். ரெண்டும் ஒரே எடத்துல வந்து சேர்ற மாதிரி நாங்க கணக்குப் பண்ணி வைக்கணும்.

பிரான்சிஸ்கா: வைக்காட்டி?

மாணிக்கராஜ்: போறப்ப ஒரு மூக்கு, வர்றப்ப ஒரு மூக்கு.

பிரான்சிஸ்கா: போனவன் வந்தாத்தானே ரெண்டாவது மூக்கு. சில பேரு போனா வர்றதே இல்ல.

மாணிக்கராஜ்: ...இன்னும் இருக்குங்க. ஹெட்டுக்கும் ப்ளெக்ஸுக்கும் நடுவுல உள்ள உயரம். கூடக் கூட, சொட்டு ரொம்ப தூரம் பறக்கணும். பறக்கிறப்ப வழி தப்பிடும். அப்புறம் பெட்டி ஓடுற வேகம். குளிருக்கு மை கெட்டியாகிட்டா சொட்டு வாலோட விழும். ப்ளெக்ஸு சுருங்கி மேடு பள்ளமா இருந்தா ஒரு பக்கம் சீக்கிரம் விழும், ஒரு பக்கம் லேட்டா விழும். ரோட்டுல பெரிய பஸ்ஸு போனா மேசையே அதிரும்...

றஷீனா: எல்லாத்தையும் சொல்லுவார். மெஷின் ஓட்டுறவர்ட பிழைய மட்டும் சொல்ல மாட்டார்.

மாணிக்கராஜ்: ப்ளெக்ஸச் சுருள்லருந்து இழுக்கிறப்ப அதுல ஒரு கரண்டு புடிச்சுக்கும், கைமயிரு சிலுத்துக்கிற மாதிரி. அதுக்குப் பயந்து சில சொட்டு திரும்பி வேற பக்கம் ஓடிடும்.

பிரான்சிஸ்கா: சொட்டுக்கும் பயமா?

மாணிக்கராஜ்: பயம் எல்லாருக்கும் உள்ளதுதானுங்க.

பிரான்சிஸ்கா: சில பேருக்குக் கொஞ்சம் கூடுதலா.

றஷீனா: அக்கா, நீங்க பேசுற பேச்சு எனக்கு நல்லாப் புடிச்சீக்கு. வாரத்துல ஒரு நாளாவது வந்துட்டுப் போங்க. இவருக்குப் பதில் சொல்ல நான் ஒருத்திதான் ஈக்கேன், களைச்சுப் போறேன்.

மாணிக்கராஜ்: றஷீனா, அந்த ஃபேன நிப்பாட்டு.

றஷீனா: வேர்க்குமே.

மாணிக்கராஜ்: அஞ்சு நிமிசம் வேர்த்தாக் கரைஞ்சிட மாட்ட. இந்தா, ஹெட்டக் கீழ இறக்கிட்டேன். வேகத்தப் பாதியாக் கொறச்சிட்டேன். இனிமே போறப்ப மட்டும்தான் அடிக்கும், வர்றப்ப சும்மா வரும். நேரம் ரெண்டு மடங்கு ஆகும், ஆனா மூக்கு ஒண்ணாயிடும். அடிக்கிறேன், பாருங்க.

பிரான்சிஸ்கா: பார்க்கிறேன்.

றஷீனா: அதுக்குள்ள ஒண்டு கேக்கவா அக்கா? கீழ "பிள்ளைகள்" எண்டு எழுதித் தந்தீக்கிங்க. ஒங்கட பேரு ஒண்டுதான் ஈக்கு. "பிள்ளை" எண்டு மாத்தவா?

பிரான்சிஸ்கா: வேணாம். "பிள்ளைகள்"னே இருக்கட்டும்.

றஷீனா: மத்தப் பேரு விடுபட்டுப் போச்சா?

பிரான்சிஸ்கா: விடுபட்டுத்தான் போச்சு.

மாணிக்கராஜ்: ...வந்துருச்சு. ரெண்டாவது துண்டு. எடுத்துப் பாருங்க.

பிரான்சிஸ்கா: ம்.

மாணிக்கராஜ்: என்னங்க?

பிரான்சிஸ்கா: உங்க மூக்கு, என் மூக்கு, இந்தத் தங்கச்சி மூக்கு, எல்லாம் ஒண்ணு ஒண்ணுதான். அப்பாவுக்கு மட்டும் இன்னும் ரெண்டு.

மாணிக்கராஜ்: இருக்காதே...

றஷீனா: எங்க, இங்க தாங்க. ...ராஜ், எழுத்தப் பாருங்க. "சவரிமுத்து". கத்தியால வெட்டின மாதிரி ஈக்கு. ஒரு சொட்டு வெளிய போகல. புறாட கண்ணு கூட சரியாத் தெரியிது. மொகம் மட்டும்தான் கலங்கி ஈக்கு. மெஷின்ல பிழையில்ல. படத்திலதான் பிழை. பொறுங்க, நான் கிட்ட இழுத்துப் பார்க்கிறேன்.

மாணிக்கராஜ்: அதெல்லாம் எதுக்கு? கொஞ்சம் கூர் ஆக்கிக் குடு, போதும்.

றஷீனா: பொறுங்களேன்... அட. அக்கா, இது போட்டோவே இல்ல.

பிரான்சிஸ்கா: பின்ன?

றஷீனா: புள்ளி புள்ளியா ஈக்கு பாருங்க. ஏற்கனவே பேனர்ல அடிச்ச மொகத்த ஃபோன்ல புடிச்சீக்கிங்க. கலங்கினது இப்ப இல்ல, முந்தி அடிச்சவன்ட கையிலதான்.

பிரான்சிஸ்கா: ஆமா தங்கச்சி. ஒரு பழைய பேனர்லருந்து வெட்டுன துண்டு. பையிலயே இருக்கு. இந்தாங்க.

மாணிக்கராஜ்: அத ஏன் வெளிய எடுக்கிற... எடுக்கிறீங்க?

பிரான்சிஸ்கா: ஏன், பார்க்கக் கூடாதா?

றஷீனா: வேற போட்டோ இல்லையா அக்கா? அடையாள அட்டை?

பிரான்சிஸ்கா: அதுல அவருக்கு இருபது வயசு. மீசை கூட மொளைக்கல. என் கல்யாண ஆல்பத்துல நிக்கிறாரு, பாதி மூஞ்சி ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால. கடைசி ஆறு வருசம் கேமராவக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. இது ஒண்ணுதான் நேராப் பார்க்கிற மூஞ்சி.

றஷீனா: ராஜ், இதக் கொஞ்சம் பாருங்க. தலைக்கு மேல ஒரு மெல்லிசுக் கோடு. நெஞ்சுக்குக் கீழ இன்னொரு கோடு. மெஷின நிப்பாட்டித் திரும்ப ஓட்டினா விழுற கோடுதானே இது?

மாணிக்கராஜ்: மெஷினுக்கு விக்கல் எடுத்திருக்கும்.

றஷீனா: விக்கல் ஒரு ஆள்ட தலைமயிர்ல தொடங்கி சரியா நெஞ்சில முடியுமா? கோட்டுக்கு மேல பாருங்க, வேற ஒரு ஆள்ட சட்டை கொஞ்சம் தெரியிது. பொத்தான்ட ஓட்டை நாலும் எண்ணலாம், அவ்வளவு தெளிவு. கோட்டுக்குக் கீழயும் தெளிவு. நடுவில உள்ள மனிசர் மட்டும் கலங்கி ஈக்கார். யாரோ மெஷின நிப்பாட்டி, ஹெட்ட ஒசத்தி, வேணுமெண்டே கலக்கினீக்கான்.

மாணிக்கராஜ்: நீ என்ன பொலிஸா?

பிரான்சிஸ்கா: விடுங்க, சொல்லட்டும். நீங்க சொல்லுங்க தங்கச்சி.

றஷீனா: சொல்ல வேற ஒண்டும் இல்ல அக்கா. யாரு செஞ்சானோ, அவனுக்கு இந்த மனிசரோட ஏதோ ஒண்டு இருந்தீக்கு. கோவமோ, எரக்கமோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ...சரி ராஜ், தொழுகைக்கு நேரமாச்சு. தொழுதிட்டு, வாரப்போ சோத்துப் பார்சலும் எடுத்திட்டு வாறேன். அக்காவுக்கும் ஒண்டு. நீங்க மெஷினத் தொடாம இரிங்க.

மாணிக்கராஜ்: பருப்பு கூடப் போடச் சொல்லு.

பிரான்சிஸ்கா: ...போயிட்டாங்களா?

மாணிக்கராஜ்: படி இறங்கிட்டா.

பிரான்சிஸ்கா: இனிமே அந்த "ங்க" போடாதடா. பல்லு கூசுது.

மாணிக்கராஜ்: நீ மட்டும்? "சொல்லுங்க தம்பி, கேளுங்க தம்பி"ன்னு...

பிரான்சிஸ்கா: கூடப் பொறந்தவனத் தம்பின்னு கூப்புடாம என்னான்னு கூப்புடுறது? நீதான் கடைக்கு வர்ற எல்லாரையும் அக்காங்கிற. அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தின்னு நின்னுட்டேன். அந்தப் புள்ளகிட்ட நீ யாருன்னே சொல்லலையா?

மாணிக்கராஜ்: டவுனுலயே பொறந்து வளந்தவன்னு சொல்லி வச்சிருக்கேன். அப்பா அம்மா எப்பவோ போயிட்டாங்கன்னு.

பிரான்சிஸ்கா: அம்மா போனது உண்மை. அப்பாவ உசுரோட இருக்கிறப்பவே பொதைச்சிட்டியா?

மாணிக்கராஜ்: சாவுக்கு வந்தேன்ல...

பிரான்சிஸ்கா: வந்த. கடைசி ஆளா நின்ன. கல்லறைக்கு வழி தப்பி வந்த லொத்தர் டிக்கட் ஏஜெண்டு மாதிரி. ஒரு புடி மண்ணு போட்ட, நாலரை பஸ்ஸப் புடிச்ச. கடையில என்னான்னு சொன்ன?

மாணிக்கராஜ்: காய்ச்சல்னு.

பிரான்சிஸ்கா: ம்... அப்பாவுக்குக் குழி வெட்டுனது யாருன்னு பார்த்தியா?

மாணிக்கராஜ்: தெரியாத ஆளுங்க. ஹாலிஎல பக்கம்னு பேசிக்கிட்டாங்க.

பிரான்சிஸ்கா: நம்ம லயத்து ஆளுங்க ஏன் வெட்டல?

மாணிக்கராஜ்: வேல நாளுதானே. காலையில பெரட்டுக்குப் பேரு குடுக்கப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்.

பிரான்சிஸ்கா: ஆறு வருசத்துல தோட்டத்தையே மறந்துட்டியாடா? லயத்துல ஒரு சாவு விழுந்தா எவன் வேலைக்குப் போவான்? விடியக்காலையில மம்பட்டியோட பத்துப் பேரு வாசல்ல நிப்பாங்க. கூப்புடவே வேணாம். போன வருசம் குடிகாரன்னு எல்லாரும் ஏசுன சூசைக்கே பதினாறு பேரு போனாங்க. நம்ம அப்பாவுக்கு மட்டும்தான் வெளியாளக் கூப்பிட்டுக் குழி வெட்டுனது.

மாணிக்கராஜ்: ஏன்?

பிரான்சிஸ்கா: நீ சொல்லு. சொட்டு, காத்து, குளிருன்னு எம்புட்டுக் கதை சொன்ன. இந்த ரெண்டு கோடு ஏன் வந்துச்சு, அதச் சொல்லு.

மாணிக்கராஜ்: ...அன்னைக்கு நான் லீவுன்னு சொன்னேனே.

பிரான்சிஸ்கா: சொன்ன. ஃபோன்ல, ரெண்டு நிமிசம். "அந்தப் பேனர அடிச்சது வேற ஆளு அக்கா, நான் அன்னைக்குக் கடையிலயே இல்ல." அதோட நீ தோட்டத்துப் பக்கம் வரல. இப்ப சொல்லு. நான் உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்.

மாணிக்கராஜ்: அடிச்சது நான்தான்.

பிரான்சிஸ்கா: ம்.

மாணிக்கராஜ்: வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம் அக்கா. தோட்டத்து ஆபீஸ்லருந்து ஃபைல் வந்துச்சு. அவசரம்னாங்க. என்னா ஏதுன்னு பார்க்காம ஓட்டிட்டேன். லயத்துச் சொவரு வெடிச்சு, மேலருந்து மண்ணு எறங்குது, வேற எடம் குடுன்னு ஏழு பேரு பெக்டரி கேட்டுக்குப் பூட்டுப் போட்டது எனக்குத் தெரியும். அப்பாவும் அதுல ஒருத்தருன்னும் தெரியும். ஆனா இப்புடி ஒரு பேனருன்னு... "இவர்கள் தொழிற்சாலைக்குள் நுழையத் தடை"ன்னு எழுத்து மொதல்ல வந்துச்சு. அப்புறம் மூஞ்சி. ஒருத்தருக்குக் கீழ ஒருத்தரு. மூணாவது ஜெயராசா மாமா. அவரு நெத்தித் தழும்பு கூடத் தெளிவா வந்துச்சு. மெஷின் அன்னைக்கு அவ்வளவு நல்ல பதத்துல இருந்துச்சு, கேடு கெட்டது.

பிரான்சிஸ்கா: நாலாவது?

மாணிக்கராஜ்: அப்பாவோட தலைமயிரு வந்துச்சு. நிப்பாட்டுனேன்.

பிரான்சிஸ்கா: அப்பவே எந்திரிச்சு வெளிய போயிருக்கலாமேடா.

மாணிக்கராஜ்: போயிருக்கலாம். ஃபைலே வரலன்னு சொல்லியிருக்கலாம். மையக் கொட்டியிருக்கலாம். ஆறு வருசமா தெனம் ஒண்ணு தோணுது, விதம் விதமா. அன்னைக்கு ஒண்ணும் தோணல. பின்னால மொதலாளி நின்னு "ஏன் நிப்பாட்டுன"ன்னு கேக்கிறாரு. "சும்மா, சரி பார்க்கிறேன்"னு சொல்லி ஹெட்ட ஒசத்துனேன். வேகத்தக் கூட்டுனேன். அப்பா முடிஞ்சதும் திரும்ப எறக்கிட்டேன். நான் பண்ணுன போராட்டம் அவ்வளவுதான். ஆறு மில்லிமீட்டர்.

பிரான்சிஸ்கா: அதுல என்னா ஆகும்னு நெனச்ச?

மாணிக்கராஜ்: கேட்டுல நிக்கிற செக்கியூரிட்டி புதுசுன்னாங்க. மூஞ்சி சரியாத் தெரியாட்டி அப்பாவ மட்டும் உள்ள விட்டுடுவான்னு...

பிரான்சிஸ்கா: அப்பாவ அந்தக் கேட்டுல படுத்திருக்கிற நாய்க்குக் கூடத் தெரியும்டா. வால ஆட்டிக்கிட்டு வரும்.

மாணிக்கராஜ்: தெரியும். இப்ப தெரியும்.

பிரான்சிஸ்கா: என்னா நடந்துச்சு தெரியுமா? ரெண்டு மாசத்துல பேச்சுவார்த்தை. ஏழு பேரையும் திரும்ப எடுத்துட்டாங்க. பேனரக் கழட்டிட்டாங்க. அதோட முடிஞ்சிருக்கணும். ஆனா ரெண்டு மாசம் தெனமும் அந்தக் கேட்டுல நின்னு பார்த்துட்டாங்களே. ஆறு மூஞ்சி பளிங்கு மாதிரி. சவரிமுத்து மூஞ்சி மட்டும் கலங்கல். "ஏன்டா? யாரு மறைக்கச் சொன்னா? எங்களக் காட்டிக் குடுத்துட்டு இவன் மட்டும் தொரைகிட்டப் பேசிக்கிட்டானா?"

மாணிக்கராஜ்: ஒரு பேனர்ல மூஞ்சி கலங்கினதுக்கா?

பிரான்சிஸ்கா: அதுக்குத்தான். உனக்கு அது ஆறு மில்லிமீட்டர். அவருக்கு ஆறு வருசம். பெரட்டுல பக்கத்துல யாரும் நிக்கல. கோயில்ல அவரு உக்காந்த பெஞ்சுல ஒரு ஆளு எடம் விட்டுத்தான் உக்காந்தாங்க. ஜெயராசா மாமா அவரோட முப்பது வருசம் ஒண்ணாத் தேயிலை கவ்வாத்து வெட்டுனவரு. குழிக்கு வரல. அவரு மகன் கூட வரல.

மாணிக்கராஜ்: நீ ஏன் எனக்குச் சொல்லல?

பிரான்சிஸ்கா: நீ ஃபோன எடுத்தாத்தானே. "மெஷின் ஓடுது அக்கா, அப்புறம் பேசுறேன்." ஆறு வருசமா ஓடுது அந்த மெஷினு. அதான் முகம் தெளிவா வேணும்னேன். நாளைக்கு லயத்து ஆளுங்க வரணும்டா. வந்து ஒரு வாய் சாப்பிடணும். திரும்பவும் கலங்கின மூஞ்சியத் தொங்க விட்டேன்னா, செத்தும் மறைஞ்சு நிக்கிறான் பாருன்னு சொல்லுவாங்க. லுணுகலையிலயே அடிச்சிருக்கலாம். கலக்குனவனுக்குத்தான் தெளிய வைக்கவும் தெரியும்னு இங்க வந்தேன்.

மாணிக்கராஜ்: முடியாது அக்கா.

பிரான்சிஸ்கா: மெதுவா அடி. எவ்வளவு மெதுவா வேணும்னாலும் அடி. பஸ்ஸு போனாப் போகட்டும்.

மாணிக்கராஜ்: இனிமே எப்புடி அடிச்சாலும் அதேதான் வரும். விழுந்த சொட்ட எடுத்து வேற எடத்துல வைக்க முடியாது. அவருக்குன்னு இருந்த ஒரே மூஞ்சி அது. நான் அதக் கெடுத்துட்டேன்.

பிரான்சிஸ்கா: ...சரி. அழாத. அந்தப் புள்ள வந்துடும்.

மாணிக்கராஜ்: இந்தத் துண்ட யாரு வெட்டி வச்சா? நீயா?

பிரான்சிஸ்கா: அப்பா. பேனரக் கழட்டிப் பெக்டரிக் குப்பையில போட்டாங்கள்ல? அன்னைக்கே போயி, தன் மூஞ்சிய மட்டும் கவ்வாத்துக் கத்தியால வெட்டி எடுத்துட்டு வந்தாரு. ட்ரங்குப் பெட்டியில, அம்மா சீலைக்கு அடியில வச்சிருந்தாரு.

மாணிக்கராஜ்: எதுக்கு?

பிரான்சிஸ்கா: நானும் அதத்தான் கேட்டேன். இந்தக் கருமத்த ஏம்ப்பா வீட்டுக்குள்ள கொண்டு வந்தன்னேன். "மகன் அடிச்சது"ன்னாரு.

மாணிக்கராஜ்: அவருக்குத் தெரியுமா?

பிரான்சிஸ்கா: கேட்டுல பார்த்த அன்னைக்கே தெரியும். "ஆறு மூஞ்சிக்கு நடுங்காத கையி என் மூஞ்சிக்கு நடுங்கியிருக்கு. நம்ம பய அங்கதான் நின்னிருக்கான்"னாரு. நீ ஃபோன்ல லீவுன்னு சொன்னியே, அப்ப நான் அவரு பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். "நம்பிட்டேன்னு சொல்லு"ன்னு சைகை காட்டுனாரு.

மாணிக்கராஜ்: அக்கா...

பிரான்சிஸ்கா: உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. அவனா வந்து சொல்லட்டும்னாரு. அவரு போயிட்டாரு. சத்தியமும் போயிருச்சு.

றஷீனா: ராஜ், பருப்பு கூட வாங்கிட்டேன், சொதி முடிஞ்சு போச்சாம். ...என்ன ரெண்டு பேரும் இப்பிடி ஈக்கிங்க? மொகம் சரி வரல்லையா?

மாணிக்கராஜ்: சரி வராது. றஷீனா... இது என் கூடப் பொறந்த அக்கா.

றஷீனா: அது வந்த ஒடனேயே தெரியும்.

மாணிக்கராஜ்: எப்புடி?

றஷீனா: ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அந்தப் பேனர்ல ஈக்கிறதும் அதே மூக்குத்தான், ரெண்டாத் தெரிஞ்சாலும். நீங்களாச் சொல்லும் வரைக்கும் நான் ஏன் கேக்கணும்? ...வாப்பாவா ராஜ்? போன மாசக் காய்ச்சல் இதுதானா?

மாணிக்கராஜ்: ஆமா.

றஷீனா: அல்லாஹ்வே. எனக்கிட்ட சொல்லீந்தா நான் வந்தீப்பேனே.

மாணிக்கராஜ்: கம்ப்யூட்டர்ல உக்காரு. புறாவ எடுத்துடு. "பிள்ளைகள்"ல அக்கா பேருக்குப் பக்கத்துல என் பேரப் போடு. கீழ இன்னும் ஒரு வரி வரும்.

றஷீனா: சொல்லுங்க.

மாணிக்கராஜ்: "தொழிற்சாலைக் கேட்டில் தொங்கிய பேனரை அச்சடித்தவனும், அதில் அப்பாவின் முகத்தைக் கலங்கடித்தவனும் நான். முகத்தை மறைக்கும்படி அவர் யாரிடமும் கேட்கவில்லை. அவருக்கு அது தெரியாது." ...இல்ல, கடைசிய வெட்டு. அவருக்குத் தெரியும். "அவர் யாரிடமும் கேட்கவில்லை"ன்னு நிப்பாட்டு. கீழ, "மகன் மாணிக்கராஜ்".

றஷீனா: ராஜ், அந்தத் தோட்டத்து ஆபீஸ் இன்னும் நம்மட வாடிக்கை. மொதலாளி கண்டா...

மாணிக்கராஜ்: மொதலாளி நாளைக்குத்தானே வருவாரு. அதுக்குள்ள சொட்டு விழுந்துரும். எழுத்தப் பெருசாப் போடு, வயசானவங்க படிக்கணும்.

றஷீனா: அரைச் சாண் ஒசரம் போதுமா?

மாணிக்கராஜ்: போதும். ஃபேன நிப்பாட்டு. மெதுவா ஓட்டுறேன்.

பிரான்சிஸ்கா: ...மணி என்னா தங்கச்சி?

றஷீனா: ரெண்டு ஆகப் போகுது அக்கா. முடிஞ்சிட்டு. ஹீட்டர் சூட்டிலயே காஞ்சும் போச்சு. ராஜ், ஒங்கட வாழ்க்கையில இவ்வளவு துப்புரவா ஒரு எழுத்து அடிச்சதில்ல. பாருங்க, ஒரு சொட்டு தவறல.

மாணிக்கராஜ்: இந்தா அக்கா. சுருட்டிக் கட்டிட்டேன். மடிக்காத, கோடு விழும். சீக்கிரம் போ, பஸ்ஸுல எடம் புடிக்கணும்.

பிரான்சிஸ்கா: ரெண்டு பேருக்குப் புடிக்கணும்.

மாணிக்கராஜ்: நானா? நான் எதுக்கு அக்கா... அதான் எல்லாத்தையும் எழுத்துல போட்டாச்சே. தெளிவா இருக்கு. படிச்சுப் புரிஞ்சுக்குவாங்க. நான் வந்து ஜெயராசா மாமா முன்னால நின்னா அது வேற மாதிரி...

பிரான்சிஸ்கா: எழுத்த ஒருத்தனும் நம்ப மாட்டான்டா. அந்த ஆறு பேரும் வாசல்ல வந்து நின்னு கேட்ட அன்னைக்கு, எங்க உன் பேரு வெளிய வந்துருமோன்னு பயந்து, "ஆமா, நான்தான் தொரை கால்ல விழுந்து கெஞ்சுனேன்"னு அப்பா தன் வாயாலயே சொல்லிட்டாரு.